16 மணி நேர விரதம் இருந்தும் எடை ஏன் மெதுவாகக் குறைகிறது?

கேள்வி: எனக்கு 42 வயது, உயரம் 160 செ.மீ. 14 வாரமாக 16:8 முறையில் விரதம் இருக்கிறேன். பகல் 12 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுவேன். 81 கிலோ இருந்தேன். முதல் இரண்டு வாரத்திலேயே 1.8 கிலோ இறங்கியது. அதற்குப் பிறகு 12 வாரத்தில் 1.4 கிலோதான். கடைசி மூன்று வாரமாக 77.8-லேயே நிற்கிறது. என்னோடு தொடங்கிய கணவர் (46 வயது, 178 செ.மீ., அப்போது 96 கிலோ) 7 கிலோ குறைந்துவிட்டார். காலையில் சர்க்கரை போடாத பால் காபி இரண்டு முறை குடிப்பேன். ராத்திரி பசிக்கும் என்பதால் 8 மணிக்குள் ஒரு கைப்பிடி கொட்டைகள் சாப்பிடுவேன். சனி, ஞாயிறு மட்டும் கொஞ்சம் தளர்வு. தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். மற்றபடி உட்கார்ந்து பார்க்கும் வேலை. தைராய்டு குறைவுக்குக் காலையில் எழுந்ததும் மாத்திரை போட்டு, உடனே காபி குடிப்பேன். ரத்தப் பரிசோதனை செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்போது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 5.9. என் மெட்டபாலிசம் கெட்டுவிட்டதா? 20:4-க்கு மாறலாமா?

பதில்: 20:4-க்கு மாற வேண்டாம். உங்கள் மெட்டபாலிசமும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே விடை இருக்கிறது. அதனால் அவற்றையே முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதல் இரண்டு வாரத்தில் இறங்கிய 1.8 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் இந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிறது. எனவே அந்த வேகத்தை அளவுகோலாக வைத்து இன்றைய வேகத்தை எடை போடக் கூடாது. பலர் மனம் உடைந்து விட்டுவிடுவது இந்த ஒப்பீட்டால்தான்.

உண்மையான கணக்கு அடுத்த 12 வாரத்தில் இருக்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. 1.4 கிலோ என்றால் 10,780 கலோரி. அதை 84 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 130 கலோரிக்குச் சற்றுக் குறைவாக வரும். அதாவது, செலவழிப்பதைவிட தினமும் சுமார் 130 கலோரி மட்டுமே குறைவாகச் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள். கிடைத்த பற்றாக்குறைக்கு எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவை உங்கள் உடல் குறைத்துக் கொடுத்திருக்கிறது. மூன்று வாரமாக எடை அசையாததற்கும் இதே கணக்குதான் காரணம். தினம் 130 கலோரி வீதம் 21 நாளில் கரையக்கூடிய கொழுப்பு 350 கிராம்தான். உப்பு கொஞ்சம் கூடினாலோ, இரண்டு நாள் மலச்சிக்கல் இருந்தாலோ, மாதவிடாய் நெருங்கினாலோ உடலில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூடத் தண்ணீர் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் 350 கிராம் கண்ணுக்கே தெரியாது.

அடுத்து மெட்டபாலிசம். ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் கலோரியைக் கணிக்க உணவியல் துறையில் பரவலாகப் பயன்படுவது 1990-ல் வெளிவந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம். எடையை (கிலோவில்) 10-ஆலும் உயரத்தை (செ.மீ.) 6.25-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு பெண்கள் 161 கழிக்க வேண்டும், ஆண்கள் 5 கூட்ட வேண்டும். வரும் விடையை, அதிகம் உட்கார்ந்திருந்து கொஞ்சம் நடப்பவர்கள் 1.4-ஆல் பெருக்கினால் ஒரு நாள் செலவு தோராயமாகக் கிடைக்கும். பத்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம்.

81 கிலோவில் உங்களுக்கு இது சுமார் 2,015. இப்போது 77.8 கிலோவில் சுமார் 1,970. எடை குறைந்ததால் செலவில் குறைந்தது 45 கலோரிதான். இதற்கு மேலும் உடல் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும் என்பது உண்மை. எடை குறையும்போது நமக்குத் தெரியாமலே கை கால் அசைவுகூடக் குறைகிறது. ஆனால் செலவு அடியோடு நின்றுபோவதில்லை. 1944–45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த பட்டினி ஆய்வில், 36 ஆரோக்கியமான ஆண்கள் 24 வாரம் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரியில் கடும் நடையுடன் வாழ்ந்தார்கள். அவர்களின் ஓய்வுநிலைச் செலவு வெகுவாகக் குறைந்தது. அப்படியும் எடை இறங்கிக்கொண்டே போய், சராசரியாகக் கால்வாசி உடல் எடையை இழந்தார்கள். “குறைவாகச் சாப்பிட்டால் உடல் கொழுப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும்” என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

கணவரோடு ஒப்பிட்டு வருந்துகிறீர்கள். அதே சூத்திரத்தில் அவருடைய தொடக்கச் செலவு சுமார் 2,590 வருகிறது. இருவரும் ஒரே மேசையில், ஒரே அளவாக 1,900 கலோரி சாப்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 690 பற்றாக்குறை, உங்களுக்கு 115. உங்கள் இருவருடைய முடிவும் ஏறக்குறைய இதற்கு ஒத்துப்போகிறது. அவர் உங்களைவிட ஒழுங்காக இருந்தார் என்று இதற்கு அர்த்தமில்லை. உடலின் அளவு வேறு, அவ்வளவுதான். ஒரே வீட்டில் ஆணும் பெண்ணும் ஒரே கரண்டி அளவில் பரிமாறிக்கொண்டால் இப்படித்தான் நடக்கும்.

இனி விரத நேரத்தை இறுக்குவது பற்றி. 16:8-ல் நேரக் கட்டுப்பாடு தானாகக் கொழுப்பைக் கரைப்பதில்லை. சாப்பிடும் வாய்ப்புகளைக் குறைத்து, அதன் வழியாகக் கலோரியைக் குறைக்கிறது. 2022-ல் சீனாவின் குவாங்சோவில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உடல் பருமன் உள்ள 139 பேருக்கு ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. அதில் ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட வேண்டும். ஒரு வருடம் கழித்து அவர்கள் சராசரியாக 8 கிலோவும், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 6.3 கிலோவும் குறைந்திருந்தார்கள். இந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. அதற்கு முன் 2020-ல் அமெரிக்காவில் 116 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், என்ன சாப்பிடுவது என்று எதுவும் சொல்லாமல் பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். சராசரியாகக் குறைந்தது ஒரு கிலோவுக்கும் கீழே. உங்கள் அட்டவணையும் அதுவேதான்.

20:4 இதைவிட மேல் என்று சொல்ல முடியாது. 4 மணி நேரச் சாப்பாட்டு அவகாசத்தையும் 6 மணி நேரத்தையும் 8 வாரம் ஒப்பிட்ட 2020-ம் ஆண்டு ஆய்வில் இரு பிரிவினரும் ஒரே அளவாக, உடல் எடையில் சுமார் 3 சதவீதம்தான் குறைந்தார்கள். நடைமுறையிலோ 4 மணி நேரத்துக்குள் வேண்டிய புரதத்தைச் சாப்பிட்டு முடிப்பது கடினம். வயிறு நிறைய ஒரே வேளை சாப்பிட்டுப் படுப்பதால் நெஞ்செரிச்சல் வரும். பசி முற்றி உட்காருவதால் கை கட்டுக்குள் நிற்காது. நான்கு நாள் தாக்குப்பிடித்து ஐந்தாம் நாள் உடைந்து சாப்பிட்டால், அந்த நான்கு நாளின் பலனும் அதோடு போய்விடும். புரதம் குறைந்து எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் போகும். மேலே சொன்ன 116 பேர் ஆய்வில் அந்த அறிகுறி தென்பட்டது.

அப்படியென்றால் கலோரி எங்கே கூடுகிறது? சிறிய சிறிய இடங்களில்தான். உங்கள் கடிதத்தில் மூன்று இடங்கள் தெரிகின்றன. எழுதாத நான்காவது ஒன்றும் இருக்கக்கூடும்.

கொட்டைகளைப் பாருங்கள். முப்பது கிராம் கொட்டையில் ஏறத்தாழ 180 கலோரி. கைப்பிடி என்பது அளவே இல்லை; குவித்து எடுத்தால் 50 கிராம் எளிதாக வரும், அது 300 கலோரி. சத்தான பொருள், சந்தேகமில்லை. ஆனால் உங்களுக்குத் தேவையான முழு நாள் பற்றாக்குறையில் பாதிக்கு மேல் அந்த ஒரு கையில் போய்விடுகிறது. இரவு 7.50-க்கு “நேரம் முடிகிறதே” என்று பசியில்லாமலே சாப்பிடும் பழக்கம் 16:8-ல் இருக்கும் பலருக்கும் வந்துவிடுகிறது. ஒருமுறை சமையலறைத் தராசில் உங்கள் கைப்பிடியை நிறுத்துப் பாருங்கள்.

காபி. கோப்பைக்கு 100 மில்லி முழுக் கொழுப்புப் பால் என்றால் இரண்டு கோப்பைக்குச் சுமார் 130 கலோரி. “பால் சேர்த்தால் விரதம் முறிந்துவிடுமா?” என்ற விவாதம் நிறைய நடக்கிறது. எடை குறைய வேண்டும் என்பவருக்கு அது முக்கியமே இல்லை. அந்த 130-ஐக் கணக்கில் சேர்த்தீர்களா என்பதுதான் முக்கியம். வெறும் காபியோ தேநீரோ பிடித்தால் நல்லது. பிடிக்காவிட்டால் பாலோடு ஒரு கோப்பை குடியுங்கள், கணக்கில் எழுதிவிடுங்கள்.

சனி, ஞாயிறு. இரண்டு நாளும் வழக்கத்தைவிட 600 கலோரி கூடினால் வாரத்துக்கு 1,200. ஏழால் வகுத்தால் தினம் 170. வாரநாளில் நீங்கள் சேர்த்துவைக்கும் பற்றாக்குறையின் பெரும் பங்கு அங்கே கரைகிறது.

நான்காவது, சமையல் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. தட்டில் எண்ணெய் எவ்வளவு என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. அதனால் இப்படிச் செய்யுங்கள்: எண்ணெய் பாட்டிலை ஒரு நாள் காலையில் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் எல்லாச் சமையலுக்கும் அதிலிருந்தே எடுங்கள். ஏழாம் நாள் இரவு மறுபடி நிறுத்து, குறைந்த கிராமை வீட்டில் சாப்பிடுபவர்களின் எண்ணிக்கையாலும் ஏழாலும் வகுத்துவிடுங்கள். இரண்டு பேர் உள்ள வீட்டில் 700 கிராம் குறைந்திருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம், அதாவது 450 கலோரி. பொரித்துவிட்டு மிச்ச எண்ணெயைக் கொட்டினால் அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். 50-ஐ 25-ஆகக் குறைத்தாலே தினம் 225 கலோரி மிச்சம். சாப்பாட்டின் அளவு ஒரு கவளமும் குறையாது. நான் மிகவும் நம்பிப் பரிந்துரைக்கும் அளவீடு இது.

அளந்தால்தான் தெரியும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1992-ல், “1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை” என்று சொன்ன பத்துப் பேரைத் துல்லியமான கருவிகளால் ஆராய்ந்தார்கள். அவர்களின் மெட்டபாலிசம் இயல்பாகவே இருந்தது. உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாகவும், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூடுதலாகவும் அவர்கள் கணித்திருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைக்காதீர்கள். கண்ணளவு எல்லோரையும் ஏமாற்றும். உணவுத் துறையில் பழகியவர்களும் இதில் தவறுகிறார்கள்.

இனி செய்ய வேண்டியவை. முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். வாய்க்குள் போகும் எல்லாவற்றையும், சமைக்கும்போது ருசி பார்ப்பது உட்பட, நிறுத்து எழுதுங்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். பச்சை அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி, வெந்த சாதம் 100 கிராமில் சுமார் 130. பச்சையாக நிறுத்துவிட்டு வெந்ததன் எண்ணைப் பார்த்து எழுதினால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து தெரியும். பருப்பு, இறைச்சி, தானியம் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கலோரிச் செயலிகளிலும் ஒரே உணவுக்குப் பல பதிவுகள் இருக்கும்; மிகக் குறைவானதைத் தேர்ந்தெடுக்கும் ஆசை வரும், வேண்டாம்.

இரண்டாம் வாரத்திலிருந்து இலக்கு நாளொன்றுக்குச் சராசரி 1,500 கலோரி, வாரத்துக்கு 10,500. உங்கள் சனி, ஞாயிறைப் பறிக்க வேண்டியதில்லை. ஐந்து நாள் 1,400, இரண்டு நாள் 1,750 என்று பிரித்தால் அதே 10,500 வரும். “தளர்வு” என்பதற்கு ஓர் எல்லை கிடைத்துவிடும். இந்த அளவில் கணக்குப்படி வாரம் 400 கிராம் குறைய வேண்டும். நடைமுறையில் 300 முதல் 400 என்று எதிர்பாருங்கள். 1,200-க்குக் கீழே நீங்களாக இறங்காதீர்கள்.

இந்த 1,500-க்குள் முதலில் இடம் ஒதுக்க வேண்டியது புரதத்துக்கு. நாளொன்றுக்கு 80 முதல் 90 கிராம் வைத்துக்கொள்ளலாம். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகக் கூடாது.) ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி நெஞ்சுப் பகுதி 100 கிராமில் 30, சமைத்த மீனில் 20-க்கு மேல், 50 கிராம் உலர்ந்த பருப்பில் 12, 200 மில்லி பாலில் 6 முதல் 7. சைவம் என்றால் பருப்பு மட்டும் போதாது. சோயா, பால், தயிர் சேர வேண்டும். இரண்டு பெரிய வேளைக்கும் முப்பது முப்பதாக வைத்து, மிச்சத்தை இடையில் ஒரு சிறு வேளையில் முடியுங்கள். விரதம் முடித்துச் சாப்பிடும் முதல் வேளையில் புரதம் குறைந்து மாவுச்சத்து மட்டும் நிறைந்தால் மூன்று மணிக்கே மறுபடி பசிக்கும். உங்கள் ராத்திரிப் பசியின் வேர் பெரும்பாலும் மதியத் தட்டில்தான் இருக்கிறது. தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும்.

சாப்பாட்டு நேரத்தைச் சுருக்குவதற்குப் பதில் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். 12–8-ஐ 10–6 ஆகவோ, வேலை இடம் தராவிட்டால் 11–7 ஆகவோ வைக்கலாம். 2018-ல் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த ஆண்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், பிற்பகலிலேயே உணவை முடித்தவர்களுக்கு எடை குறையாமலே இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. உங்கள் 5.9 என்ற எண்ணும் நீரிழிவுக்கு முந்தைய எல்லையில் வருவதால் இது உங்களுக்குப் பொருந்திப் பார்க்கத்தக்கது. எடைக்கு இதனால் பெரிய மாயம் நடக்காது. இரவு 7.50 கொட்டைப் பழக்கம் உடையும், அதுவே லாபம். குடும்பத்தோடு இரவு சாப்பிடுவது உங்களுக்கு முக்கியம் என்றால் 12–8 இருக்கட்டும், கொட்டையை 20 கிராமாக நிறுத்து மதியத்துக்கு மாற்றுங்கள்.

நடையைத் தொடருங்கள், ஆனால் அதை வைத்துச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். உங்கள் எடையில் அரை மணி நேர நடையால் கூடுதலாகச் செலவாவது சுமார் 100 கலோரிதான். கைக்கடிகாரம் காட்டும் எண் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாக இருக்கும். நான் சேர்க்கச் சொல்வது வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, படி ஏறுவது ஆகிய நான்கும் போதும். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று; கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். குறையும் எடை கொழுப்பாகவே இருக்க இதுதான் பாதுகாப்பு. தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரம் தசையில் நீர் சேர்ந்து அரை கிலோ, ஒரு கிலோ ஏறித் தெரியலாம். அதைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

தூக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. 2010-ல் பத்துப் பேரிடம், ஒரே கலோரியில், படுக்கையில் இருக்கும் நேரத்தை எட்டரை மணி நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரமாகக் குறைத்துப் பார்த்தார்கள். குறைந்த மொத்த எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அதில் கொழுப்பின் பங்கு பாதிக்கு மேல் சரிந்து, தசை முதலியவற்றின் இழப்பு கூடியது. ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிறீர்கள் என்றால் அதைச் சரிசெய்வதும் இந்தத் திட்டத்தின் பகுதிதான். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எடை பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்த பின், எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே இடத்துத் தரையில், ஒரே மாதிரி உடையில். தினமும் பாருங்கள், ஆனால் தினசரி எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள். மாதவிடாய் சுழற்சி இருப்பதால் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். தினமும் பார்ப்பது மனதை அலைக்கழித்தால் மாதம் இருமுறை போதும். கூடவே வயிற்றுச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்ட நிலையில், நாடாவை இறுக்காமல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எடை நின்று சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் கொழுப்பு போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். உங்கள் உயரத்துக்கு 80 செ.மீ.க்குள் வருவது நல்ல இலக்கு.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வரி: “மாத்திரை போட்டு, உடனே காபி.” தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சின் மாத்திரையைக் காபி சரியாக உறிஞ்ச விடாது, பாலில் உள்ள கால்சியமும் தடுக்கும். வெறும் தண்ணீரில் விழுங்கி, காபிக்கு முன் 30 நிமிடமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகள் எடுத்தால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் முடியாது என்றால் கடைசி உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்து இரவில் எடுப்பதும் ஏற்கப்பட்ட முறை; விரத அட்டவணைக்கு அது இயல்பாகப் பொருந்தும். ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். ஏனென்றால் இதுவரை ஓரளவு வீணாகிக்கொண்டிருந்த மருந்து முழுதாக உடலில் சேரத் தொடங்கினால் அதே அளவு உங்களுக்குக் கூடுதலாகிவிடலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் காத்திருக்காமல் போய்ப் பாருங்கள். இப்போதே டிஎஸ்எச் (தைராய்டு செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எச்பிஏ1சி, ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு, மாத்திரை நேரம் மாற்றிய 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் மறுபடி பாருங்கள். அதே சமயம், எல்லாப் பழியையும் தைராய்டு மேல் போட வேண்டாம். சரியாகச் சிகிச்சை பெறாத குறைபாட்டால் கூடும் எடை பொதுவாக 2 முதல் 4 கிலோ அளவில்தான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். சோர்வு போய் நடமாட்டம் கூடுவதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பெரிய நன்மை.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற நீரிழிவு மருந்துகள் எடுப்பவர்கள் மருத்துவர் அளவை மாற்றித் தராமல் விரதம் தொடங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு நீண்ட விரதத்தில் ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், ஏற்கெனவே எடை குறைவாக உள்ளவர்கள், சாப்பாட்டோடு போராடும் மனநலச் சிக்கல் எப்போதாவது இருந்தவர்கள் இந்த முறைக்கே போக வேண்டாம். மன அழுத்தம், வலிப்பு, நரம்பு வலி ஆகியவற்றுக்கான சில மருந்துகளும் ஸ்டீராய்டும் எடையைக் கூட்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உங்கள் எடையில் 5 சதவீதம் என்பது சுமார் 4 கிலோ. அதில் 3.2 கிலோவைக் கடந்துவிட்டீர்கள். அமெரிக்காவில் 2002-ல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தது. நீரிழிவு வரும் அபாயம் இருந்தவர்களிடம் ஏறக்குறைய மூன்றாண்டில் புதிதாக நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு அந்த 7 சதவீதம் 75.3 கிலோவில் வருகிறது. இங்கிருந்து இரண்டரை கிலோ. வாரம் 300 கிராம் என்றாலும் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்.

நிறுத்து எழுதிய 1,500 கலோரியோடு முழுதாக ஆறு வாரம் போன பிறகும் சராசரி எடையும் சுற்றளவும் இரண்டுமே அசையவில்லை என்றால் அளவை இன்னும் குறைக்காதீர்கள். எழுதிய பதிவேட்டையும் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். இடையில் மாதவிடாய் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. மயக்கம், கொத்தாக முடி உதிர்தல், வலது விலாவுக்குக் கீழே விட்டுவிட்டு வரும் வலி, கட்டுப்படுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டுக் குற்றவுணர்வில் அடுத்த நாள் பட்டினி கிடப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் ஆறு வாரம் காத்திருக்காமல் விரதத்தை நிறுத்திவிட்டுப் போங்கள். பதினான்கு வாரம் தொடர்ந்து செய்து களைத்திருந்தால், தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் 1,900 கலோரி அளவில் எடையைக் கூட்டாமலும் குறைக்காமலும் இருந்துவிட்டு ஆரம்பித்தாலும் தவறில்லை. எண்ணெய் பாட்டிலை மட்டும் நாளைக் காலையே நிறுத்துக் குறித்துவிடுங்கள்.